வயர்லெஸ் ஸ்பீக்கர்: வாட்டுக்கு முன் இடத்தைப் பாருங்கள்

ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கப் போனால் கடையில் முதலில் காதில் விழுவது வாட் கணக்குதான். இது 10 வாட், இது 20 வாட், அந்த மேல்தட்டில் இருப்பது 60 வாட். கையில் இருக்கும் பணத்துக்கு எது பெரிய எண்ணோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். வீட்டு அறையில் அதிர அதிரப் பாடிய அதே ஸ்பீக்கரைச் சொத்தவிளைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் சத்தமே எடுபடாது. ஸ்பீக்கரில் குறை ஒன்றும் இல்லை. அது பாடும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

எனவே முதல் கேள்வி, ஸ்பீக்கர் எங்கே உட்கார்ந்து பாடப்போகிறது என்பது. அடுக்களையிலா, மொட்டை மாடியிலா, தென்னை நிற்கும் விளையிலா, கடல் ஓரத்திலா? குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. கடலும் மலையும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. கரையோர ஊர்களில் உப்புக் காற்று ஆண்டு முழுவதும். சென்னையில் இருப்பவர் எழுதிய பரிந்துரையை அப்படியே பின்பற்றினால் இங்கே சரிப்பட்டு வராது.

வயர்லெஸ் ஸ்பீக்கரில் இரண்டு வகை உண்டு. ப்ளூடூத் ஸ்பீக்கர் போனிலிருந்து நேரடியாகப் பாட்டை வாங்கும். இணையமோ ரூட்டரோ தேவையில்லை, பெரும்பாலும் பேட்டரியும் உள்ளேயே இருக்கும். வைஃபை ஸ்பீக்கர் வீட்டு ரூட்டர் வழியாக இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக்கொள்ளும். போனில் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது, இரண்டு மூன்று அறைகளில் ஒரே பாட்டை ஓடவிடலாம். ஆனால் பல வைஃபை ஸ்பீக்கர்களில் பேட்டரியே கிடையாது. கரண்ட் போனால் அதுவும் போகும், ரூட்டரும் போகும். வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் ப்ளூடூத்தே போதும். இனி இங்கே சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

வாட் எதைச் சொல்கிறது?

வாட் என்பது ஸ்பீக்கருக்குள் போகும் மின்சக்தியின் அளவு. வெளியே வரும் சத்தத்தின் அளவு அல்ல. சத்தத்தை டெசிபெலில் அளப்பார்கள். 10 வாட்டை 20 வாட் ஆக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காது கூர்ந்து கேட்டால் தெரியும், அவ்வளவே. "இரண்டு மடங்கு சத்தம்" என்று காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆகவே 12 வாட்டுக்கும் 16 வாட்டுக்கும் இடையே தயங்கிக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் இல்லை. ஒரே சக்தியை வாங்கிக்கொண்டு கூடுதல் சத்தம் தரும் நல்ல கூம்பு (அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) உள்ள 10 வாட் ஸ்பீக்கர், மட்டமான 20 வாட் ஸ்பீக்கரை முந்திவிடும்.

அட்டைப்பெட்டியில் ஆர்எம்எஸ் என்று போட்டிருந்தால் அது தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி. ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பிஎம்பிஓ என்று 1000, 5000 என எழுதியிருந்தால் அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். கண நேர உச்சத்தைத் தங்களுக்குத் தோன்றிய முறையில் கணக்கிட்டுப் போடுவது அது; எந்தப் பொதுத் தரமும் அதன் பின்னால் இல்லை.

வாட்டைவிடக் கவனிக்க வேண்டியது ஸ்பீக்கரின் உடம்பு. தவிலின் அடி, தபேலாவின் இடப்பக்க முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கரின் 4 அல்லது 5 செ.மீ. கூம்பால் அது முடியாது. இதைச் சமாளிக்கப் பல ஸ்பீக்கர்களின் இரு முனையிலும் ரப்பர் விளிம்புள்ள வட்டத் தகடு வைத்திருப்பார்கள். அதற்குப் பேசிவ் ரேடியேட்டர் என்று பெயர். அதில் கம்பிச்சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தால் தானாக முன்னும் பின்னும் ஆடித் தாழ்ந்த ஒலியைக் கூட்டும். அந்த முனை தரையில் படும்படி ஸ்பீக்கரை நிறுத்தினால் பேஸ் என்னும் அந்தத் தாழ்ந்த ஒலி அமுங்கிவிடும். குழந்தைகள் விரலால் அழுத்தி விளையாடினால் ரப்பர் கிழியும். கிழிந்தால் கரகரப்புதான் மிஞ்சும்.

வீட்டுக்குள்

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள கான்கிரீட் அறையில் ஒலி நாலாபுறமும் பட்டுத் திரும்பும். 12-க்கு 10 அடி அறைக்கு 5 முதல் 10 வாட் தாராளம். அங்கே 40 வாட் ஸ்பீக்கரைக் கொண்டு வைத்தால் சத்தம் இருக்கும், பாட்டின் வரி புரியாது. எதிரொலி மிகுந்தால் ஒரு திரைச்சீலை, ஒரு பாய், துணி போட்ட நாற்காலி என்று ஒலியை உறிஞ்சும் பொருள்களைச் சேருங்கள். பழைய ஓட்டு வீட்டில் கதை வேறு. ஓட்டின் இடுக்கு வழியாகவும் கூரை இடைவெளி வழியாகவும் ஒலி வெளியே போய்விடும். எதிரொலி குறைவு, பேச்சு தெளிவாகக் கேட்கும், பேஸ் மெலிந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு படி பெரிய ஸ்பீக்கர் எடுக்கலாம்.

எந்த வீடானாலும் வைக்கும் இடத்தால் பேஸைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அறை நடுவே மேசையில் வைத்தால் மெலிவாக ஒலிக்கும். சுவரை ஒட்டி வைத்தால் கனம் கூடும். இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் இன்னும் கூடும், சில வேளை குமுறும். பணம் செலவில்லாத இந்தச் சோதனையை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டுப் பிறகு ஸ்பீக்கரைக் குறை சொல்லுங்கள்.

ப்ளூடூத் எட்டும் தூரத்தைப் பற்றிச் சில தவறான எண்ணங்கள் உண்டு. தடையில்லாத இடத்தில் 10 மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ப்ளூடூத் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகின்றன. தண்ணீர் இவற்றை நன்றாக உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், போனைப் பின்பக்கப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாலே பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்று குறுக்கே வந்தால் தூரம் பாதியாகலாம். "ப்ளூடூத் 5, நான்கு மடங்கு தூரம்" என்று விளம்பரம் செய்வார்கள். அந்த நான்கு மடங்கு, சென்சார் போன்ற சிறு கருவிகளுக்கான குறைசக்தி முறைக்கு உரியது. வழக்கமான பாட்டு இன்னும் பழைய முறையிலேயே போகிறது. ஆகவே 5.0, 5.3 என்ற எண்ணுக்காக விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு சிக்கல் தாமதம். ப்ளூடூத்தில் ஒலி பொதியப்பட்டு, அனுப்பப்பட்டு, பிரிக்கப்பட்டு வெளியே வருவதற்குள் 0.1 முதல் 0.25 நொடி வரை போய்விடும். பாட்டு மட்டும் கேட்பவருக்கு அது தெரியாது. போனில் படம் பார்த்தாலும் பெரும்பாலான செயலிகள் காட்சியைச் சற்றுத் தாமதப்படுத்திச் சரிசெய்துவிடும். ஆனால் ஆலயப் பாடகர் குழுவின் பயிற்சிக்குக் கீபோர்டை ப்ளூடூத் வழியாக ஸ்பீக்கரில் விடலாம் என்று நினைத்தால் நடக்காது. கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் ஒலி வரும், தாளம் சிதறும். அதற்கு 3.5 மி.மீ. ஆக்ஸ் துளையுள்ள ஸ்பீக்கர் வாங்கி வயரில் இணைக்க வேண்டும். இப்போது வரும் பல மாடல்களில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். இந்தப் பயன்பாடு இருந்தால் வாங்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் கேட்பதற்கு என்றால் எஃப்எம், பென்டிரைவ் இரண்டும் உள்ள ஸ்பீக்கரே நல்லது. போனை நம்பி இருக்க வேண்டாம். நாகர்கோவில் வானொலி 101 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. இந்தச் சிறு ஸ்பீக்கர்களில் தனி ஏரியல் இருப்பதில்லை. பலவற்றில் செருகிய ஆக்ஸ் வயரோ சார்ஜிங் வயரோதான் ஏரியலாக வேலை செய்யும். 101 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ. எனவே ஏறத்தாழ அந்த நீளமுள்ள வயரை நீட்டிவிட்டால் நிலையம் தெளிவாக விழும். சார்ஜரில் செருகியபடியே எஃப்எம் கேட்டால் இரைச்சல் வரும், அது சார்ஜரின் வேலை. சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

பென்டிரைவ் "வேலை செய்யவில்லை" என்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஃபார்மேட், அதாவது பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. மலிவு ஸ்பீக்கர்கள் ஃபேட்32 மட்டுமே படிக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பொதுவாக எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. 32 ஜிபி அல்லது அதற்குக் கீழே வாங்கி ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து எம்பி3 கோப்புகளாகப் போடுங்கள். பாட்டுகள் பெரும்பாலும் பெயர் வரிசையில் வராது, காப்பி செய்த வரிசையில்தான் வரும். எனவே எந்தப் பாட்டு முதலில் வேண்டுமோ அதை முதலில் காப்பி செய்யுங்கள். ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் இணையம் இல்லாமலே செய்தி சொல்லும் எஃப்எம் வெறும் கூடுதல் வசதி அல்ல.

வெளியே

திறந்த வெளியில் சுவர் இல்லை. போன ஒலி போனதுதான். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சத்தம் 6 டெசிபெல் இறங்கும். ஒரு மீட்டரில் 85 டெசிபெல் என்றால் 2 மீட்டரில் 79, 4 மீட்டரில் 73, 8 மீட்டரில் 67. அலை இரைச்சலும் ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றும் மிச்சத்தை மூடிவிடும். பேஸ்தான் முதலில் காணாமல் போகும். இதற்கு 100 வாட் வாங்குவது ஒரு வழி. ஸ்பீக்கரைக் கேட்பவர்களுக்கு நடுவே இரண்டு மீட்டருக்குள் வைப்பது இன்னொரு வழி. முதலில் இதைச் செய்து பாருங்கள். பின்னால் ஒரு சுவரோ பாறையோ இருந்தால் அதை ஒட்டி வையுங்கள். ஒரே மாடலில் இரண்டு சிறிய ஸ்பீக்கர் வாங்கி இணைத்துக் கூட்டத்தின் இரு பக்கமும் வைத்தால், ஒரு பெரிய ஸ்பீக்கரைத் தூரத்தில் வைத்து அலறவிடுவதைவிட நன்றாக இருக்கும். ஒரு நிறுவனத்து ஸ்பீக்கரை இன்னொன்றோடு இப்படிச் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காது. ஒரே நிறுவனத்தின் பழைய மாடலும் புதிய மாடலும்கூடச் சேராமல் போவதுண்டு. எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். பெட்டியில் ஐபி67 என்று இருந்தால், முதல் எண் 6 தூசி புகாது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எண் 7, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும் என்பதைக் குறிக்கும். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீர் மட்டும். ஐபிஎக்ஸ்5 குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். எக்ஸ் இருக்கும் இடத்தில் தூசிச் சோதனை அறிவிக்கப்படவில்லை என்று பொருள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மூழ்கினால் தாங்கும் ஸ்பீக்கர், பீய்ச்சி அடித்தாலும் தாங்கும் என்று கொள்ளக் கூடாது. இரண்டும் தனித்தனிச் சோதனை. ஐபிஎக்ஸ்7 மட்டும் போட்ட ஸ்பீக்கர் வாளித் தண்ணீரில் விழுந்தால் பிழைக்கும். திற்பரப்பில் அருவி விழும் இடத்தில் நீட்டினால் அந்த வேகத்துக்கு அதன் சார்ஜிங் துளையை அடைக்கும் ரப்பர் மூடி நிற்கும் என்று உறுதி இல்லை. ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்7 இரண்டும் சேர்த்துப் போட்டிருந்தால்தான் இரண்டுக்கும் ஆகும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. கடல்தண்ணீர் அந்தக் கணக்கில் இல்லை. உப்பு காய்ந்து படிகமாகி ரப்பர் மூடியின் விளிம்பில் உட்காரும். பிறகு மூடி சரியாக அடையாது. சார்ஜிங் துளைக்குள் உப்பு ஈரம் இருக்கும்போது வயரைச் செருகினால் மின்சாரம் பாய்ந்து உள்ளே உள்ள ஊசிகள் பச்சைபிடித்து அரிக்கும். கரையோர ஊர்களில் சார்ஜ் ஏறாமல் போகும் ஸ்பீக்கர்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடற்கரையிலிருந்து வந்ததும் மூடியை இறுக்கி, மெல்லிய குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். துணியால் ஒற்றி, மூடியைத் திறந்து, நிழலில் காற்றாட வைத்து மறுநாள் சார்ஜ் போடுங்கள். வள்ளத்தில் கொண்டுபோகும் ஸ்பீக்கரை வார் போட்டுக் கட்டி வையுங்கள். தண்ணீர் புகாத ஸ்பீக்கர் எல்லாம் மிதக்காது. மிதக்கும் என்று தனியாகச் சொல்லியிருந்தால்தான் மிதக்கும்.

மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கடற்கரைக்கு மட்டும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அங்கே மணலில் கறுப்புக் கோடு கோடாகத் தெரிவதில் இல்மனைட் என்ற இரும்பு கலந்த தாது இருக்கிறது. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் காந்தத்தின் உதவியோடுதான் இதைப் பிரித்தெடுக்கிறார்கள். ஸ்பீக்கரின் ஒவ்வொரு கூம்புக்குப் பின்னாலும் ஒரு வலுவான காந்தம் இருக்கிறது. ஸ்பீக்கரை நேராக மணலில் படுக்கவைத்தால், வெள்ளை மணல் தட்டினால் கொட்டிவிடும். கறுப்பு மணல் ஸ்பீக்கரின் முகப்பு வலைக்குள் நுழைந்து கூம்பின் நடுவே ஒட்டிக்கொள்ளக்கூடும். பிறகு பேஸ் வரும்போதெல்லாம் சிறு சரசரப்பு கேட்கும். ஊசியால் கிளறாதீர்கள், கூம்பு கிழியும். ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பிடித்துத் தாழ்ந்த ஒலியுள்ள பாட்டு ஒன்றை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் வலையைத் துடையுங்கள். வருமுன் காப்பதென்றால் மணலில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்தால் போதும்.

காளிகேசம், கீரிப்பாறை போன்ற காட்டுப் பகுதிகளுக்கு ஸ்பீக்கரே வேண்டாம். அங்கே விலங்குகளும் பறவைகளும் வாழ்கின்றன. நம் பாட்டு அவற்றுக்குத் தொல்லை. ஊருக்குள்ளும் சட்டம் உண்டு. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. நம் வீட்டு மதில் எல்லையில் நம் சத்தம் அந்த வரம்பை 5 டெசிபெல்லுக்கு மேல் தாண்டக் கூடாது. மொட்டை மாடியில் ஒரு பார்ட்டி ஸ்பீக்கர் பாதிச் சத்தத்தில் பாடினாலே இரவில் இந்தக் கோடு தாண்டிவிடும்.

பேட்டரியும் சார்ஜும்

"20 மணி நேரம் பாடும்" என்பது குறைந்த அல்லது நடுத்தரச் சத்தத்தில் அளந்தது. நாமே கணக்கிடலாம். பேட்டரியின் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 1000 எம்ஏஎச் என்பது ஒரு ஆம்பியர்-மணி; ஆகவே 3.7 வோல்ட், 4000 எம்ஏஎச் என்றால் 14.8 வாட்-மணி. 7.4 வோல்ட், 2000 எம்ஏஎச் என்றாலும் அதே 14.8 தான். எம்ஏஎச்சை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மெல்லிய சத்தத்தில் சராசரியாக 1 வாட் செலவானால் 14 மணி நேரம் பாடும். சத்தத்தைக் கூட்டிச் சராசரி 4 வாட் ஆனால் மூன்றரை மணி நேரம்தான். வெளியே கேட்பதற்கு வாங்குபவர்கள் விளம்பர நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை எதிர்பார்ப்பது நல்லது.

டைப்-சி துளை இருந்தும் சில மலிவு ஸ்பீக்கர்கள் புது போனின் சார்ஜரில் சார்ஜ் ஏறுவதில்லை. ஸ்பீக்கர் கெட்டுப்போனதாக நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவார்கள். காரணம் மிகச் சிறியது. இரு முனையும் டைப்-சி ஆன வயரில், "இங்கே ஒரு கருவி இருக்கிறது" என்று சார்ஜருக்குத் தெரிவிக்க ஸ்பீக்கருக்குள் 5.1 கிலோ-ஓம் மின்தடைகள் இரண்டு வேண்டும். செலவை மிச்சப்படுத்த அவற்றை விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய தட்டை யுஎஸ்பி, மறுமுனை டைப்-சி என்ற வயரைப் போட்டால் ஏறிவிடும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஸ்பீக்கரை விட்டுவிட்டுக் குமரி முனை சுற்றப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம்போல் பகை வேறில்லை. மாதக்கணக்கில் எடுத்து வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுவதும் இறங்கிய நிலையில் கிடந்தால் பேட்டரி மறுபடி எழாமலே போகலாம்.

கடையில் பத்து நிமிடம்

உங்களுக்கு வரிவரியாகப் பழகிய ஒரு பாட்டையும், ஒரு பேச்சையும் போனில் இறக்கி எடுத்துப் போங்கள். கடையில் ஓடவிடும் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். முதலில் மெல்லிய சத்தத்தில் கேளுங்கள். குரல் முன்னால் நிற்கிறதா? பிறகு முழுச் சத்தம். குரல் கிழிந்தாலோ பேஸ் திடீரென்று மெலிந்தாலோ அதன் உண்மையான எல்லை அதற்கு ஒரு படி கீழே. சத்தம் குறைவாகத் தோன்றினால் போனின் ஒலி அளவையும் பாருங்கள். சில ஸ்பீக்கர்களில் போனுக்குத் தனி, ஸ்பீக்கருக்குத் தனி. போனை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு ஸ்பீக்கரில் கூட்டிக் குறையுங்கள். ஸ்பீக்கரைச் சுற்றி நடந்து பக்கவாட்டிலும் கேளுங்கள். அணைத்து மறுபடி போடும்போது "கனெக்டட்" என்று எவ்வளவு உரக்கக் கத்துகிறது என்றும் கவனியுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது பெரிய தலைவலி, பல மாடல்களில் அதைக் குறைக்க வழி கிடையாது.

பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதனுடன் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணை இட்டால் யார் பெயரில் பதிவானது என்று தெரியும். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும் பொருள் என்பதால் முத்திரை இல்லாததை எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

வாரன்டி அட்டையில் பேட்டரிக்குத் தனிக் கால அளவு எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். லித்தியம் செல்கள் சில நூறு முறை சார்ஜ் ஆனதும் கொள்ளளவு குறையத் தொடங்கும். பொருள் நன்றாக இருக்கும்போதே பேட்டரிதான் முதலில் தளரும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எலக்ட்ரானிக்ஸ் வேலை தெரிந்தவர்கள் பல மாடல்களுக்குச் செல் மாற்றித் தருவார்கள். பழையது எத்தனை வோல்ட்டோ அதே வோல்ட், பாதுகாப்புச் சர்க்யூட்டோடு இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஆனால் தண்ணீர் புகாத ஸ்பீக்கரைத் திறக்கும்போது ஒட்டிய பசையும் ரப்பர் வளையமும் விட்டுப்போகும். செல் மாற்றிய பிறகு அதன்மேல் அச்சிட்ட ஐபி எண்ணை நம்பாமல், அடுக்களையிலோ திண்ணையிலோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.